மனநல அமைப்புக்கு ட்ரஸ்டியா வரச்சொல்லிக் கேட்டா: திருகோணமலையில இருந்து ஒரு கொமிட்டி ஆள் சொல்லுறது

இப்பிடித்தான் தொடங்கும். கலியாண வீட்டுப் பந்தியில பக்கத்துல இருக்கிற தெரிஞ்ச ஆள், "அக்கா நீங்க கணக்கு வழக்குத் தெரிஞ்ச ஆள், எங்கட அமைப்புக்கு ஒரு ட்ரஸ்டி குறையுது, பேரைப் போடட்டா, வேலை ஒண்டும் இல்ல, மூண்டு மாசத்துக்கு ஒரு மீட்டிங்தான்" எண்டு கேப்பார். நானும் அப்பிடித்தான் மாட்டினன். கூட்டுறவுச் சங்கத்தில கணக்கு எழுதி பென்சன் எடுத்து ஆறு மாசம், வீட்டுல மனுசரோட சண்டை பிடிக்கிறதைத் தவிர வேற சோலி இல்ல, சரி போடுங்க எண்டு சொல்லிட்டன்.

வேலை ஒண்டும் இல்ல எண்டது சுத்தப் பொய். ஆனா வந்ததுக்கு கவலைப்படல்ல. இப்ப என்னட்ட வந்து "ட்ரஸ்டியா போகட்டா" எண்டு கேக்கிற ஆக்களுக்கு ஒவ்வொரு தரமும் வாயால சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போய்த்தான் இதை எழுதுறன்.

எங்கட ஊர்ல ட்ரஸ்டி எண்டா கோயில் தர்மகர்த்தாதான் ஞாபகம் வரும், திருவிழாவுக்கு பரிவட்டம் கட்டி முன்னுக்கு நிக்கிற ஆள். மனநல அமைப்பில பரிவட்டமும் இல்ல மாலையும் இல்ல, சம்பளமும் இல்ல, பஸ் காசு தந்தா பெரிய விஷயம். அங்க உங்கட வேலை என்னெண்டு கேட்டா நான் ரெண்டு சொல்லுவன்: கூட்டத்துக்குள்ள வாயைத் திறந்து கேள்வி கேக்கிறது, வெளியில வந்தா வாயை மூடிக்கொண்டு இருக்கிறது. அநேகமான கொமிட்டிகள்ல இது தலைகீழாத்தான் நடக்குது, மீட்டிங்ல தேத்தண்ணியும் ரோல்ஸும் சாப்பிட்டுட்டு தலையாட்டிப்போட்டு, சந்தையில போய் நிண்டு "அந்த வாத்தியார்ட மகள் எங்கட இடத்துக்கு வாறா, பாவம்" எண்டு கதைக்கிறது.

சரி, பேரைக் குடுக்க முதல் என்ன செய்யணும்.

முதல்ல, அந்த அமைப்பு எந்தச் சட்டத்துக்குக் கீழ பதிஞ்சிருக்கெண்டு கேளுங்க. கேட்டா ஆக்கள் முழிப்பாங்க, பரவாயில்ல, பதிவுச் சான்றிதழை எடுத்துக் காட்டச் சொல்லுங்க. அநேகமானது 1980ம் ஆண்டு 31ம் இலக்க தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்துக்குக் கீழ இருக்கும், சின்ன அமைப்பெண்டா பிரதேச செயலகத்திலயோ கச்சேரியிலயோ (மாவட்டச் செயலகம்) பதிஞ்சிருப்பாங்க, நாடு முழுக்க வேலை செய்யிறதெண்டா கொழும்பில அரச சார்பற்ற அமைப்புகளுக்கான தேசிய செயலகத்தில. இன்னும் சிலது 2007ம் ஆண்டு 7ம் இலக்க கம்பனிச் சட்டத்துக்குக் கீழ உத்தரவாதக் கம்பனியா, அதாவது பங்குக்குப் பதிலா உறுப்பினர்கள் உத்தரவாதம் குடுக்கிற கம்பனியா இருக்கும், அப்பிடியெண்டா ஊர்ல உங்களை ட்ரஸ்டி எண்டு கூப்பிட்டாலும் சட்டத்தில நீங்க டிரெக்டர். மூண்டாவது வகை உறுதி எழுதி உருவாக்கின ட்ரஸ்ட், அதுக்கு 1917ம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டம். இதிலதான் நீங்க மெய்யான ட்ரஸ்டி, பொறுப்பை மீறி காசு நட்டப்பட்டா உங்கட சொந்தக் காசில ஈடு கட்ட வேண்டி வரலாம். அதால "எல்லாம் ஒண்டுதான் அக்கா" எண்டு சொன்னா நம்பாதீங்க, ஒண்டில்ல.

பிறகு யாப்பை, அதுதான் அமைப்பின்ட விதிகள் எழுதின பத்திரத்தைக் கேளுங்க. வாசிங்க. முழுக்க. எங்கட யாப்பு பதினாலு பக்கம், நான் வாசிச்சிட்டு முதல் மீட்டிங்குக்குப் போய் "கூட்டம் நடத்த ஆகக்குறைஞ்சது அஞ்சு பேர் வேணுமெண்டு (கோரம்) கிடக்கு, இங்க நாலு பேர்தானே இருக்கிறம்" எண்டு கேட்டதுக்கு தலைவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கல்ல. ஆனா அடுத்த மீட்டிங்குக்கு ஏழு பேர் வந்தாங்க.

யாப்போட சேர்த்து கடைசி ரெண்டு வருசக் கணக்கறிக்கையும், கடைசி மூண்டு நாலு மீட்டிங் மினிட்ஸும் கேளுங்க. தரமாட்டம் எண்டா அதே உங்களுக்குப் பதில், நன்றி சொல்லிட்டு வாங்க. கணக்கு சரியா இருந்தாலும், கொமிட்டியில ஆர் ஆர் இருக்கிறாங்க எண்டு பாருங்க, தலைவர், தலைவர்ட மனிசி, தலைவர்ட மச்சான், மச்சான்ட கூட்டாளி எண்டு இருந்தா அது அமைப்பில்ல, குடும்ப அட்டை. போன ட்ரஸ்டி ஏன் விட்டுட்டுப் போனார் எண்டும் கேளுங்க, ஏலுமெண்டா அவரிட்டயே நேர கேளுங்க. டவுன்ல ஆரையும் கண்டு பிடிக்கிறது கஷ்டமில்லயே.

லண்டன்ல இருக்கிற எங்கட ஆக்கள் பல பேர் அங்க சரிட்டி பதிஞ்சு இங்க காசு அனுப்புறாங்க. அதில ட்ரஸ்டியா வரச்சொல்லி உங்கட சகோதரங்களைக் கேட்டா அங்கத்தைய சட்டம் வேற. இங்கிலாந்து வேல்ஸில சரிட்டி கொமிஷன் எண்டு ஒண்டு இருக்கு, பதிஞ்ச சரிட்டிகள்ட ட்ரஸ்டிமார்ட பேர், வரவு செலவு எல்லாம் இன்டர்நெட்டில ஆரும் பார்க்கலாம், நிதியாண்டு முடிஞ்சு 10 மாசத்துக்குள்ள வருடாந்த விபரம் குடுக்கணும், பிந்தினா பிந்தினதெண்டு எல்லாருக்கும் தெரியிற மாதிரி அதிலயே காட்டும். இதைச் சொல்லுறதுக்குக் காரணம், அங்க இருந்து காசு தாறம் எண்டு ஒரு அமைப்பு வந்தா நாங்களும் இங்க இருந்து அதைத் தட்டிப் பார்க்கலாம், ரெண்டு நிமிச வேலை. அவங்க எங்களைச் சோதிக்கிறாங்கதானே, நாங்க சோதிச்சா என்ன பிழை.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். மனநல அமைப்பில ட்ரஸ்டியா வந்த உடன அநேகம் பேருக்கு ஒரு வருத்தம் பிடிக்கும், தாங்களும் உளவளத்துணையாளர் எண்டு நினைக்கிறது. வாசல்ல ஒரு பிள்ளை அழுதுகொண்டு இருந்தா போய்ப் பக்கத்துல இருந்து "கடவுளை நம்பு மகள், எல்லாம் சரியாகும்" எண்டு தொடங்கிருவாங்க. செய்யாதீங்க. தண்ணி குடுங்க, ஆளைக் கூப்பிடுங்க, அதோட விடுங்க. உள்ள வேலை செய்யிற பிள்ளைகள் அதுக்குப் படிச்சு வந்தவங்க, நாங்க அவங்களுக்கு அறைக்கு ஒரு கதவும், கதவுக்கு ஒரு பூட்டும், மாசம் முடிய சம்பளமும் இருக்கா எண்டு பார்க்கிற ஆக்கள்.

ஆனா சுத்திவர என்ன இருக்கெண்டு தெரிஞ்சிருக்கத்தான் வேணும். பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவு, கிளினிக் நாள், மருந்து அங்க இலவசம் எண்டது. பிரதேச செயலகத்தில உளவளத்துணை உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர். போன்ல 1926, அது தேசிய மனநல நிறுவனத்தின்ட இலக்கம், இன்னொண்டு 1333, அது வேற ஒரு அமைப்பின்ட இலக்கம். தேசிய மனநல நிறுவனம் எண்டது வேற ஒண்டுமில்ல, நாங்க சின்ன வயசில ஒருத்தரை ஒருத்தர் ஏச "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" எண்டு சொன்னமே, கொழும்புக்குப் பக்கத்துல இருக்கிற அந்த அங்கொடைதான். நானும் சொன்னனான், பொய் சொல்ல ஏலாது. இன்னும் ஒரு விஷயம், ஒருத்தரைக் கட்டாயமா ஆஸ்பத்திரியில வைக்கிறது பற்றின சட்டத்தின்ட அடிப்படை 1873ல வெள்ளைக்காரன் போட்ட கட்டளைச்சட்டம். அதால "இவரை எங்கயாவது கொண்டு போய்ப் போடுங்க" எண்டு சொந்தக்காரர் கொமிட்டி ஆக்களிட்ட வந்து நிக்கிற நாள் வரும், அப்ப நீங்க முடிவெடுக்கிற ஆள் இல்ல, டொக்டரிட்ட அனுப்புற ஆள். அந்த எல்லையைத் தாண்டினா நல்ல மனசோட தாண்டினாலும் பிழைதான்.

இரகசியம். இதைப் பற்றி நான் ஒரு நாள் முழுக்கக் கதைப்பன்.

திருகோணமலை சின்ன இடம். உப்புவெளியில தும்மினா ஓர்ஸ் ஹில்ல கேக்கும். எங்கட இடத்துக்கு வாற ஒருத்தி பஸ் ஸ்டாண்டில இறங்கி நேர வரமாட்டா, இன்னொரு ரோட்டால சுத்தி, கடையில ஒரு ஷாம்பு பக்கெட் வாங்கி, பிறகுதான் உள்ள வருவா. அவவுக்குத் தங்கச்சி கலியாணம் பேசிக்கொண்டிருக்கு, அக்காவுக்கு மனநோய் எண்டு தெரிஞ்சா சம்பந்தம் நிண்டுரும். அதை விளங்காம ஒரு வருசம் ஒரு டொனர் எங்களுக்கு பெரிய போர்ட் அடிச்சுத் தந்தார், மனநல சிகிச்சை நிலையம் எண்டு சிவப்பு எழுத்தில, தூரத்துல இருந்து பார்த்தா தெரியிற அளவுக்கு. போட்ட மாசமே வாற ஆக்கள் குறைஞ்சிட்டாங்க. ஏன் எண்டு கொமிட்டியில மூண்டு மீட்டிங் யோசிச்சம், கடைசியில தேத்தண்ணி கொண்டு வாற அக்காதான் "அந்த போர்டைக் கழட்டுங்கோவன்" எண்டா. இப்ப வாசல்ல வீட்டு இலக்கமும் ஒரு பூ மரமும் மட்டும்.

அதால ட்ரஸ்டியா நீங்க பார்க்க வேண்டியது இப்பிடியான விஷயங்கள். மீட்டிங்குக்கு வாற அறிக்கையில ஆக்கள்ட பேர் இருக்கா? இருக்கக் கூடாது. "பெண், 34 வயசு, மூதூர் பக்கம், மூண்டு பிள்ளை, புருசன் காணாமப் போனவர்" எண்டு எழுதினாலும் பேர் எழுதின மாதிரித்தான், அந்த ஊர்ல அப்பிடி எத்தினை பேர் இருப்பாங்க, ஊர்க்காரர் ஒருத்தர் கொமிட்டியில இருந்தா உடன கண்டு பிடிச்சிருவார். எண்ணிக்கை மட்டும் போதும். பைல் எங்க பூட்டி இருக்கு, திறப்பு ஆரிட்ட, வட்ஸ்அப் குறூப்பில ஆரும் கேஸ் விபரம் போடுறாங்களா, கொம்பியூட்டருக்கு பாஸ்வேர்ட் இருக்கா, அந்த பாஸ்வேர்ட் ஸ்க்ரீன்ல மஞ்சள் பேப்பர்ல ஒட்டி இருக்கா. 2022ல 9ம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கு, சுகாதாரத் தகவலை அது விசேஷமாப் பாதுகாக்கச் சொல்லுது, ஆனா சட்டம் இல்லாட்டியும் இது மனுசத்தனம்.

போட்டோ இன்னொரு தலையிடி. டொனர் போட்டோ கேப்பார். கேக்கிறது அவர்ட வேலை, இல்லை எண்டு சொல்லுறது உங்கட வேலை. கட்டிடத்தை எடுங்க, கதிரையை எடுங்க, பயிற்சியில இருக்கிற ஸ்டாஃபை அவங்கட சம்மதத்தோட எடுங்க. வாற ஆக்கள்ட முதுகைக் கூட எடுக்காதீங்க, எங்கட ஊர்ல முதுகைப் பார்த்தே ஆள் சொல்லுவாங்க, சாறியைப் பார்த்தும் சொல்லுவாங்க.

இந்தப் பிடிவாதம் எங்க இருந்து வந்ததெண்டா, 2004 மார்கழி 26க்குப் பிறகு நடந்ததைக் கண்ட ஆக்கள் நாங்க. சுனாமி அடிச்சு கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளி எல்லாம் கிடந்த கிடைக்குள்ள எத்தினை வாகனம், எத்தினை கொடி, முகாமில இருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு கலர் பென்சில் குடுத்து அலையைக் கீறு கீறு எண்டு கீறவச்சு, கீறின படத்தையும் கொண்டு போயிட்டாங்க, பிறகு வரவும் இல்ல. எல்லாரும் அப்பிடி எண்டு சொல்லல்ல, நிண்டு வேலை செய்தவங்களும் இருந்தாங்க. ஆனா ஒரு சனத்தை ரெண்டு மாசம் கதைக்க வச்சு, மனசைத் திறக்க வச்சு, ப்ரொஜெக்ட் முடிஞ்சதெண்டு போறது சரியான பாவம். அதுக்குள்ள 2006ல திரும்ப சண்டை, மூதூர், சம்பூர் சனம் பெட்டி படுக்கையோட ஓடினது, சம்பூர் ஆக்கள் திரும்பி வர பத்து வருசத்துக்குக் கிட்டப் போனது. அதால ஒரு புது ப்ரபோசல் மேசைக்கு வந்தா நான் கேக்கிற முதல் கேள்வி: காசு முடிஞ்ச அடுத்த நாள், வந்துகொண்டிருக்கிற ஆக்களை ஆரிட்டக் கையளிப்பீங்க? பதில் இல்லாட்டி கையெழுத்து இல்ல. ஒருக்கா நல்ல தொகை ஒண்டை இப்பிடி விட்டம், மூண்டு பேர் என்னோட கதைக்காம இருந்தாங்க கொஞ்ச நாள்.

காசு விஷயம் எனக்குத் தெரிஞ்ச விஷயம், அதால சுருக்கமா. செக்குக்கு ரெண்டு கையெழுத்து, ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஆக்களா இருக்கக் கூடாது. வெறும் செக்கில கையெழுத்து வச்சுக் குடுக்காதீங்க, "நாளைக்கு ஆள் இல்ல அக்கா, ஒரு நாலு செக்கில வச்சிட்டுப் போங்க" எண்டு எவ்வளவு அன்பாக் கேட்டாலும். பெட்டி கேஷுக்கு ஒரு உச்சத் தொகை வைங்க, வவுச்சர் இல்லாம ஒரு ரூபா போகக் கூடாது. ஒரு வேலைக்கெண்டு வந்த காசை வேற வேலைக்கு எடுக்க ஏலாது, சம்பளம் பிந்துது எண்டாலும் ஏலாது, டொனரிட்ட எழுத்தில கேட்டு எழுத்தில பதில் வந்தா மட்டும். உங்கட மருமகன்ட ஹாட்வெயார்ல பெயின்ட் வாங்குறதெண்டா மீட்டிங்கில அதைச் சொல்லி, மினிட்ஸில எழுதிச்சு, அந்த விஷயம் முடிவெடுக்கக்குள்ள எழும்பி வெளியில போங்க. வெளியில போறது கௌரவக் குறைச்சல் இல்ல.

கேள்வி கேக்கிறதெண்டு சொன்னனே, எப்பிடிக் கேக்கிறது எண்டதும் ஒரு கலை. எங்கட ஆக்களுக்கு வயசில மூத்தவரிட்ட, அதுவும் "சேர்" எண்டு கூப்பிடுற ஆளிட்ட, கணக்குக் கேட்டா மரியாதை இல்லாத மாதிரி. நான் "சேர், எனக்கு விளங்கல்ல, ஒருக்கா சொல்லித் தாங்க" எண்டுதான் தொடங்குவன். விளங்கினாலும் அப்பிடித்தான். சொல்லித்தரத் தொடங்கினா அவரே தடுமாறி, தானே பிழையைக் கண்டு பிடிப்பார், ஒருத்தருக்கும் முகம் கறுக்காது. அதுக்கும் சரிவராட்டி, "எனக்கு இதில உடன்பாடு இல்ல, அதை மினிட்ஸில எழுதுங்க" எண்டு சொல்லுங்க, எழுதினதை அடுத்த மீட்டிங்கில வாசிச்சுப் பாருங்க. எழுதாம விட்டிருப்பாங்க, திரும்பச் சொல்லுங்க.

மீட்டிங் நேரத்தையும் யோசிச்சு வைக்கணும், வெள்ளிக்கிழமை மத்தியானம் வச்சிட்டு கிண்ணியா, மூதூர் ஆக்கள் வரல்ல எண்டு குறை சொல்லக் கூடாது, அவங்களுக்கு ஜும்மா. பின்னேரம் அஞ்சு மணிக்கு வச்சா மூதூர் ஆள் பஸ்ஸுக்கு அந்தரப்படுவார். கிண்ணியாப் பாலம் 2009ல திறந்த பிறகு சுகம்தான், அதுக்கு முதல் படகுப் பயணம், ஆனா சுகம் எண்டாலும் தூரம் தூரம்தானே. அதோட எங்கட மாவட்டத்தில தமிழ், முஸ்லிம், சிங்களச் சனம் மூண்டும் இருக்கு, கந்தளாய்ப் பக்கத்துல இருந்து வாற ஒரு தாய்க்கு சிங்களத்தில கதைக்க ஆள் இல்லாட்டி அவ வந்தும் வராத மாதிரி. ஸ்டாஃப் எடுக்கக்குள்ள இதைக் கேக்கிறது ட்ரஸ்டிமார்ட வேலை.

மனநோயோட வாழ்ந்த ஒருத்தர், இல்லாட்டி அப்பிடி ஒரு ஆளை வீட்டுல வச்சுப் பார்த்த ஒருத்தர் கொமிட்டியில இருக்கிறாங்களா எண்டு பாருங்க. எங்கட கொமிட்டியில ஒரு தம்பி இருக்கிறார், கிளினிக் மருந்தில இருக்கிறவர், 2022ல மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் "மருந்து மாறினா எங்களுக்கு என்ன நடக்குமெண்டு தெரியுமா" எண்டு அவர் ஒருத்தர் கேட்டதுக்குப் பிறகுதான் நாங்க ஆஸ்பத்திரியோட கதைக்கப் போனம், மற்ற எட்டுப் பேரும் படிச்ச ஆக்கள், ஒருத்தருக்கும் அது தோணல்ல. ஆனா அவரைக் காட்சிக்கு வச்ச மாதிரி வைக்காதீங்க, அவர்ட கதையை மேடையில சொல்லச் சொல்லாதீங்க, கணக்கு, வாடகை, எல்லாத்திலயும் அவர்ட வாக்கும் ஒரு வாக்கு.

கஷ்டமான ஒண்டு. வந்துகொண்டிருந்த ஒருத்தர் தன்ட உயிரைத் தானே எடுத்த செய்தி வரும், எவ்வளவு நல்ல அமைப்பெண்டாலும் ஒரு நாள் வரும். அப்ப கொமிட்டியில முதல் வாற கேள்வி "ஆர்ட பிழை" எண்டதா இருந்தா அந்த அமைப்பு சரியில்ல. அவரைப் பார்த்துக்கொண்டு வந்த ஸ்டாஃப் பிள்ளை எப்பிடி இருக்கு, அவவுக்குக் கதைக்க ஆள் இருக்கா, ரெண்டு நாள் லீவு வேணுமா எண்டு கேளுங்க, குடும்பத்துக்கு ஆர் போறது, பத்திரிகைக்காரர் வந்தா ஆர் கதைக்கிறது எண்டு முடிவெடுங்க. எப்பிடி நடந்ததெண்டு விபரம் வெளியில போகக் கூடாது. பிறகு ஒரு மாசம் கழிச்சு ஆறுதலா, எங்க விட்டம் எண்டு பார்க்கலாம். இன்னொண்டு, 1995ல எங்கட நாட்டில லட்சத்துக்கு 47 பேர் அளவில இப்பிடிச் செத்தாங்க, உலகத்திலயே மேல நிண்ட கணக்கு. அது பிறகு பாதிக்கும் கீழ இறங்கினதில பெரிய பங்கு கடும் நஞ்சான கிருமிநாசினிகளை அரசாங்கம் தடை செய்ததுக்கு. தம்பலகாமம், கந்தளாய் எல்லாம் வயல் ஊர், ஒவ்வொரு வீட்டுலயும் வயலுக்கு அடிக்கிற மருந்து இருக்கும். அதால விழிப்புணர்வுக் கூட்டம், பேனர், ரீஷேர்ட் எண்டு பட்ஜெட் வந்தா, மருந்துப் போத்தலைப் பூட்டி வைக்க ஒரு பெட்டி குடுக்கிற யோசனை இருக்கா எண்டு கேளுங்க. தற்கொலைக்கு முயற்சி செய்யிறது 1998ல இருந்து குற்றமில்ல எண்டதையும் தெரிஞ்சு வச்சிருங்க, இன்னும் பொலிசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாம வீட்டுல வைக்கிற சனம் இருக்கு.

நேரம் எவ்வளவு போகும் எண்டு எல்லாரும் கேப்பாங்க. என்ட கணக்குக்கு மாசம் எட்டு, பத்து மணித்தியாலம், ஓடிட் வாற மாசம் ரெண்டு மடங்கு. வீட்டுலயும் சொல்லிட்டுச் சேருங்க. அதோட வீட்டுல எவ்வளவு சொல்லலாம் எண்டதையும் உங்களுக்குள்ள முடிவெடுத்து வைங்க, என்ட மனுசருக்கு நான் எங்க போறன் எண்டு தெரியும், அங்க ஆரைக் கண்டன் எண்டு இண்டைக்கு வரைக்கும் தெரியாது. ஆரம்பத்தில முறுக்கிக்கொண்டு இருந்தவர், இப்ப மீட்டிங் நாள்ல தானே சோறு வச்சிருவார்.

போக வேணும் எண்டு நினைச்சா ஒளிச்சுப் போகாதீங்க, போன் எடுக்காம விட்டு மெல்ல மெல்ல மறையிறது எங்கட ஆக்கள்ட பழக்கம். ராஜினாமாக் கடிதத்தைத் திகதி போட்டு எழுதிக் குடுங்க, அடுத்த மினிட்ஸில அது ஏறினதைப் பாருங்க, பைல், திறப்பு, பாஸ்வேர்ட் எல்லாம் ஒருத்தரிட்டக் கையளிச்சுக் கையெழுத்து வாங்குங்க, கம்பனி எண்டா உங்கட பேரை எடுக்கிற படிவம் பதிவாளருக்குப் போனதா எண்டு கேளுங்க. பேங்கையும் மறக்காதீங்க. நான் முதல் இருந்த வேறொரு சின்னச் சங்கத்தை விட்டு ரெண்டு வருசம் கழிச்சு, மீன் வாங்கிக்கொண்டு நிக்கக்குள்ள பேங்கில இருந்து போன் வருது, "மிஸ், இந்த செக்கில உங்கட கையெழுத்து கொஞ்சம் வித்தியாசமா இருக்கு, நீங்கதான் வச்சீங்களா" எண்டு. நான் மீனை அப்பிடியே மேசையில வச்சிட்டு ஓட்டோ பிடிச்சன்.